எழுத்து விளையாட்டுகள் காசுக்குத் தரும் சலுகைகளை முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

சிங்கப்பூர்த் தாய் ஒருவரின் கேள்வி இதுதான்: "உயர்நிலை 3 படிக்கும் என் மகன் எட்டு மாதமாக இணையத்தில் ஓர் எழுத்து விளையாட்டு ஆடுகிறான். படமே கிடையாது, வெறும் எழுத்து. ஆங்கிலத்துக்கு நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். முகப்பில் 'முற்றிலும் இலவசம்' என்று போட்டிருந்தது. போன மாதம் என் அட்டையிலிருந்து 148 வெள்ளி போயிருக்கிறது. கேட்டால், 'காசு கட்டாதவங்களால முப்பதாவது லெவலுக்கு மேல ஜெயிக்கவே முடியாதும்மா, எனக்கே இப்பதான் தெரிஞ்சுது' என்கிறான். இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா? என் கணவரோ, அது அவர்கள் வியாபார ரகசியம் என்கிறார்."

சொல்ல வேண்டும் அம்மா. கணக்குத் தொடங்குவதற்கு முன்பே, முகப்பிலேயே சொல்ல வேண்டும். உங்கள் கணவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். இப்போதே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நானும் ஒரு காலத்தில் இப்படி ஒரு விளையாட்டை நடத்தியவன், இதே விஷயத்தை மறைத்தவன்.

இந்த வகை விளையாட்டுகள் இன்றைய இணைய விளையாட்டுகளுக்கெல்லாம் தாத்தா. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, பிறகு ரிச்சர்டு பார்ட்டில் தொடர்ந்து எழுதிய 'மட்' என்ற விளையாட்டிலிருந்து வந்த குடும்பம் இது. 'வடக்கே போ', 'கதவைத் திற' என்று தட்டச்சு செய்தால், என்ன நடந்தது என்று திரை எழுத்தில் சொல்லும். அதே இடத்தில் இன்னும் பத்துப் பேர் இருந்தால் அவர்கள் செய்வதும் எழுத்தாகவே வரும். அமெரிக்காவில் 1985இல் கம்ப்யூசர்வ் என்ற கணினித் தொடர்புச் சேவை வழியாக வந்த 'ஐலண்ட் ஆஃப் கெஸ்மாய்' விளையாட்டுக்கு மணிக்கு 6 டாலர், வேகமான இணைப்பு வைத்திருந்தால் 12 டாலர். கொள்ளை விலைதான். ஆனாலும் அங்கே ஒளிவுமறைவு இல்லை. கடிகாரம் ஓடியது, பில் வந்தது.

விளையாட்டை இலவசமாக்கி, உள்ளே இருக்கும் பொருளை விற்பது பிறகு வந்த யோசனை. 1997இல் தொடங்கிய 'அக்கேயா' அதை ஆரம்ப நாளிலேயே செய்தவற்றில் ஒன்று. அங்கே காசுக்குக் கிரெடிட் (விளையாட்டுக்குள் செல்லும் நாணயம்) வாங்கலாம். கையில் காசு இல்லாதவர் விளையாட்டுக்குள் சேர்த்த தங்கத்தைக் கொடுத்து மற்ற ஆட்டக்காரரிடமிருந்து அதே கிரெடிட்டை வாங்கிக்கொள்ளலாம். 2003இல் வந்த 'கிங்டம் ஆஃப் லோதிங்' இன்னும் எளிமை: 10 அமெரிக்க டாலர் நன்கொடை கொடுத்தால் ஒரு சிறப்புப் பொருள், வேண்டாம் என்றால் அதை மற்றவருக்கு விற்றுவிடலாம். இரண்டும் காசு வாங்குவதை ஊரறியச் செய்கின்றன. அதனால் காசு வாங்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. செர்வருக்கு வாடகை உண்டு, எழுதுகிறவருக்கும் வயிறு உண்டு.

பிறகு எங்கே இடிக்கிறது? எழுத்தில்தான்.

படம் உள்ள விளையாட்டில் காசு கட்டியவரைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியும். முதுகில் நெருப்புச் சிறகு, கையில் மின்னும் கோடரி, காலுக்கடியில் ஒரு சிங்கம். கடையில் மட்டும் கிடைக்கிற சமாச்சாரம் என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். எழுத்து விளையாட்டில் எதிரியை 'பார்' என்று அடித்தால் வருவது இவ்வளவுதான்:

"ஒல்லியான பெண் ஒருத்தி நிற்கிறாள். தேய்ந்த தோல் காலணி. வலது கையில் ஒரு செப்பு மோதிரம்."

அந்தச் செப்பு மோதிரம் அவள் மேல் விழும் ஒவ்வோர் அடியையும் பாதியாகக் குறைக்கும் 200 டாலர் மோதிரமாக இருக்கலாம். எழுத்து அதைக் காட்டிக்கொடுக்காது. அடித்துத் தோற்றவன் என்ன நினைப்பான்? நமக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்று நினைப்பான். இன்னும் ஆறு மாதம் உழைப்பான். பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் குகைக்கு வரைபடம் போடுவான், கட்டளைகளை மனப்பாடம் செய்வான், நடு இரவில் எழுந்து கில்டு (சேர்ந்து ஆடுபவர்களின் குழு) கூட்டத்துக்குப் போவான். உங்கள் மகன் எட்டு மாதம் செய்தது இதுவாகத்தான் இருக்கும். 148 வெள்ளியை விட எனக்கு அந்த எட்டு மாதம்தான் உறுத்துகிறது. முதல் நாளே 148 வெள்ளி என்று சொல்லியிருந்தால் பெரும்பாலும் சிரித்துவிட்டு வேறு விளையாட்டுக்குப் போயிருப்பான். நண்பர்கள், பட்டப்பெயர், கில்டில் ஒரு பொறுப்பு எல்லாம் வந்த பிறகு அதே 148 வெள்ளியைச் சொன்னால் கட்டத்தான் செய்வான். விலை மாறவில்லை, சொன்ன நேரம் மாறியிருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. 2009இல் நியூட்டன் உணவங்காடி நிலையத்தில் எட்டு இறாலுக்கு 239 வெள்ளி வாங்கிய கதை பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்கச் சுற்றுப்பயணிகள் புகார் செய்ய, கடை மூன்று மாதம் மூடிக்கிடந்தது. விலை சாப்பிட்ட பிறகு தெரிந்ததுதான் அங்கே எல்லாருக்கும் எரிச்சல். இன்றும் உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் மேலே ஏறும் என்று நமக்குத் தெரியும். எனக்கு அந்தக் கூட்டல் குறிகள் பிடிக்காது. ஆனாலும் உட்காருவதற்கு முன்பே கண்ணில் படுகின்றன அல்லவா?

இப்போது என் கதை. 2001 வாக்கில் பலதுறைத் தொழிற்கல்லூரி நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு நடத்தினோம். டென்மார்க்கில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித் துறை மாணவர்கள் ஐந்து பேர் 1990, 1991 வாக்கில் எழுதி வெளியிட்ட 'டிகுமட்' என்ற மூலநிரலிலிருந்து வளர்ந்தது எங்களுடையது. உலகம் முழுக்க எத்தனையோ விளையாட்டுகள் அதிலிருந்து முளைத்தன. நிரல் இலவசம், ஆனால் அதை வைத்து எந்த வகையிலும் லாபம் பார்க்கக் கூடாது என்று உரிமத்திலேயே கறாராக எழுதியிருந்தார்கள். நாங்கள் லாபம் பார்க்கவில்லை, செர்வர் வாடகைக்கு நன்கொடை மட்டும்தான் வாங்குகிறோம் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

முதலில் 50 டாலர் அனுப்பியவர் எதுவும் கேட்கவில்லை. நன்றிக்கு அவர் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் போட்டோம். அடுத்தவர் பொருள் வைக்க ஒரு பெரிய பை கேட்டார், கொடுத்தோம். மூன்றாமவர் 100 டாலர் அனுப்பிவிட்டு, "ஒரு நல்ல கத்தி கிடைக்குமா?" என்று எழுதினார். தேக்காவில் பரோட்டாவும் தே தாரிக்கும் வாங்கி வைத்துக்கொண்டு மூவரும் ஒரு மணி நேரம் பேசினோம். செர்வர் வாடகை இரண்டு மாதம் பாக்கி. கொடுத்துவிட்டோம். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று, கடலோரக் குகையில் எப்போதாவது கிடைக்கும் ஒரு கத்தியின் வர்ணனையையே அதற்கும் வைத்தோம். பெயர் ஒன்று, வெட்டு மட்டும் வேறு.

கண்டுபிடித்தவர் தோ பாயோவில் இருந்த ஒரு தம்பி. அவருக்குப் பார்வை கிடையாது. திரையில் வரும் எழுத்தைக் கணினி வாசிக்கக் கேட்டு ஆடுவார். எழுத்து விளையாட்டுகளில் பார்வையற்றவர்கள் நிறையப் பேர் உண்டு. படமே இல்லாததால் அங்கே அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த விளையாட்டுகளில் ஓர் அடி எவ்வளவு பலமாக விழுந்தது என்பதை எண்ணாகச் சொல்லாமல் வினைச்சொல்லால் சொல்வது வழக்கம். 'கீறியது' என்றால் சின்ன அடி. பிறகு 'வெட்டியது', 'பிளந்தது', 'சிதைத்தது' என்று ஏறிக்கொண்டே போகும். அந்தத் தம்பிக்கு ஏணி முழுக்கக் காதில் பதிந்திருந்தது. இருபதாவது லெவல் ஆள் ஒருவர் அந்தக் கத்தியால் குத்தும்போது 'சிதைத்தது' என்று வருவதை ஒரு தடவை கேட்டார், மறுபடி கேட்டார். நேராக எனக்கு எழுதினார்.

மழுப்பினேன். பிறகு ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "காசு வாங்குனது பரவால்லண்ணே. அந்தக் கத்திக்காக நாலு மாசமா அந்தக் குகையைச் சுத்துறேன். அது அங்க இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரத்தோடு வருவதை நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு நுழைவுத் திரையில் ஒரு வரி சேர்த்தோம். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால்: "இங்கே ஆடக் காசு வேண்டாம். நன்கொடையாளர்களுக்கு இதுவரை கத்தி ஒன்றும் பை மூன்றும் கொடுத்திருக்கிறோம். விவரத்துக்கு 'ஹெல்ப் நன்கொடை' என்று அடிக்கவும்." நன்கொடை அடியோடு நின்றுவிடும் என்று பயந்தோம். இரண்டு மாதம் குறைந்தது, பிறகு பழையபடி வந்தது. (விளையாட்டு 2006இல் மூடியதற்குக் காரணம் வேறு. எங்கள் மூவருக்கும் வேலையும் கல்யாணமும்.)

இனி உங்கள் கணவரின் வாதம். விளையாட்டுக்கு ரகசியம் வேண்டும், அது உண்மை. எந்த மலையில் பூதம் தூங்குகிறது, எந்த மந்திரம் அதை எழுப்பும் என்பதையெல்லாம் முகப்பில் எழுதிவிட்டால் ஆடுவதற்கு என்ன இருக்கிறது? எத்தனை பேர் காசு கட்டுகிறார்கள், மொத்த வருமானம் எவ்வளவு என்பதும் நமக்குத் தேவையில்லை. லக்சாவுக்கு அரைக்கும் ரெம்பா மசாலாவில் என்ன சேர்க்கிறார் என்பது கடைக்காரரின் ரகசியம். ஒரு கிண்ணம் எத்தனை வெள்ளி என்பதை ரகசியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நான் கேட்பது கொஞ்சம்தான். காசு வாங்கித் தருவது அலங்காரமா பலமா என்பது முதல் கேள்வி. பெயருக்கு வண்ணம் பூசிக்கொள்ள 5 டாலர் என்றால் அதை எங்கே எழுதினாலும் எனக்குக் கவலையில்லை. மற்றவரைத் தோற்கடிக்க உதவுமென்றால் முகப்பில் இருந்தாக வேண்டும். அடுத்தது, காசு கட்டாதவர் எதுவரை போகலாம்? இதைத்தான் எல்லாரும் விழுங்கிவிடுகிறார்கள். 'விளையாட்டில் பொருள் வாங்கும் வசதி உண்டு' என்று ஒரு வரி போட்டுவிட்டு, சொல்லியாயிற்று என்பார்கள். அது சொன்னதாகாது. 'முப்பதாவது லெவலுக்கு மேல் மற்ற ஆட்டக்காரரோடு சண்டை போட இந்த மூன்று பொருளும் தேவைப்படும், இவற்றை உழைத்தும் பெறலாம், தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் சுமார் ஒரு வருடம் ஆகும்' என்று எழுதினால்தான் சொன்னது. உழைத்துப் பெற வழியே இல்லையென்றால் அதையும் எழுத வேண்டும். படிக்கிறவர் முடிவு செய்துகொள்வார்.

விலையை வெள்ளியிலோ டாலரிலோ சொல்ல வேண்டும். ரத்தினம், படிகம், நட்சத்திரத் தூள் என்று நாலு கை மாற்றினால் நூறு வெள்ளியும் சில்லறையாகத்தான் தெரியும். 'கென்ஷின் இம்பாக்ட்' எழுத்து விளையாட்டு அல்லதான். ஆனால் ஜனவரி 2025இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அதன் வெளியீட்டாளர் மீது வைத்த குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று: அடுக்கடுக்கான விளையாட்டு நாணயங்களால் உண்மையான செலவு மறைகிறது என்பது. நிறுவனம் 2 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

இன்னொன்றையும் சேர்ப்பேன், இதில் பழைய நண்பர்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். காசுக்கு வாங்கிய பொருள் என்று பொருளின் வர்ணனையிலேயே ஒரு குறி இருக்க வேண்டும். 'செப்பு மோதிரம்' என்று வருமிடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போதும். காசு கட்டியவரைக் கேலி செய்வார்கள் என்று அவர்கள் தடுக்கிறார்கள். நான் ஆளுக்குக் குறி போடச் சொல்லவில்லை, பொருளுக்குத்தான். அந்த மோதிரத்தைப் பரிசாகப் பெற்றவரும் போட்டிருக்கலாம், தங்கம் கொடுத்து வாங்கியவரும் போட்டிருக்கலாம். எதிரே நிற்பவருக்கு மோதிரத்தின் பலம் தெரிந்தால் போதும். விலை அறிவிப்பைப் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் போட வேண்டும் என்பதையும் விடமாட்டேன். திரையைக் காதால் படிப்பவர்கள் அதிகம் இருக்கும் இடத்தில் விலைப்பட்டியல் மட்டும் படமாக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? நான் வழக்கறிஞன் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். எழுத்து விளையாட்டுகளுக்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. ஆனால் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டம் 2004 முதல் நடப்பில் இருக்கிறது. சொன்னதால் மட்டுமல்ல, சொல்லாமல் விட்டதாலும் பயனீட்டாளர் ஏமாறக்கூடும் என்றால் அது நியாயமற்ற நடைமுறை என்கிறது அந்தச் சட்டம். 2020 நவம்பரில் நடப்புக்கு வந்த விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டிகளில் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை மற்றும் பயனீட்டாளர் ஆணையம் 'இலவசம்' என்ற சொல்லைத் தனியாகவே எடுத்துப் பேசியிருக்கிறது. அந்தச் சொல்லைப் போட்டுவிட்டுப் பின்னால் வரும் கட்டணத்தை மறைப்பது வம்பு. ஆப்பிள் நிறுவனம்கூட 2014 நவம்பரில் தன் கடையில் 'இலவசம்' என்றிருந்த பொத்தானை 'பெறு' என்று மாற்றியது, உள்ளே காசு கேட்கும் விளையாட்டுகளை இலவசம் என்பதா என்று ஐரோப்பாவில் நெருக்குதல் வந்த பிறகு.

நடைமுறையில் இரண்டு இடத்தில் சட்டம் நழுவும். சட்டம் வியாபாரமாக விற்பவரைப் பற்றியது. எங்களைப் போல மூன்று பேர் பொழுதுபோக்காக நடத்தி நன்கொடை வாங்கினால் அது பொருந்துமா என்று வாதாட இடமுண்டு. மற்றது, நடத்துபவர் எங்கோ வேறு நாட்டில் இருப்பார். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், ஆனால் தீர்ப்பை எடுத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது? அதனால்தான் சட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல் விளையாட்டை நடத்துபவர்களிடமே இதைக் கேட்க வேண்டும் என்கிறேன். இந்த உலகம் சிறியது. ஒரு விளையாட்டில் ஐம்பது பேர் எல்லா ஆட்டக்காரரும் பார்க்கும் பொதுச் சேனலில் ஒரே கேள்வியைக் கேட்டால் அட்மின் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு ஒருவர் கேட்டதே போதுமாக இருந்தது.

உங்கள் 148 வெள்ளிக்கு: முதலில் விளையாட்டை நடத்துபவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மகனின் வயதைச் சொல்லுங்கள், முகப்பில் 'முற்றிலும் இலவசம்' என்று இருக்கும் பக்கத்தைப் படம்பிடித்து இணையுங்கள். இங்கே 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அட்டை உங்களுடையது என்பதால் வங்கி வேறு மாதிரி பேசக்கூடும், அதற்கும் தயாராக இருங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் வங்கியிடமும் பயனீட்டாளர் சங்கத்திடமும் போகலாம். அட்டை விவரம் விளையாட்டில் சேமிக்கப்பட்டிருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள்.

மகனைத் திட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டைத் திறக்கச் சொல்லுங்கள். 'ஹெல்ப் கிரெடிட்ஸ்', 'ஹெல்ப் டொனேட்' என்று அடித்து வருவதை இருவரும் படியுங்கள். பிறகு பொதுச் சேனலில், "காசு கொடுத்து வாங்கக்கூடியதில் ரொம்பப் பலமான பொருள் எது, காசில்லாமல் அதைப் பெற எத்தனை நாள் ஆகும்?" என்று அவனையே கேட்க வையுங்கள். பழைய ஆட்டக்காரர்கள் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் நேராகப் பதில் சொல்வார்கள். விளையாட்டின் பெயரை எனக்கு எழுதினால் நானும் ஒரு கணக்குத் தொடங்கி உள்ளே போய்ப் பார்த்துச் சொல்கிறேன். இந்தச் சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை.